விசிறி தொலைந்த ஸ்பிட்ஃபயரை ஜெட் ஆக்குவது எப்படி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் எனாமல் தூக்குகளும் பர்மா அரக்குப் பெட்டிகளும் அடுக்கியிருக்கும். அவற்றுக்கு அடியில் எப்போதாவது ஓர் அட்டைப்பெட்டி அகப்படும். மலேயாவிலோ சிங்கப்பூரிலோ இருந்த யாரோ ஓர் ஐயா ஊருக்கு வரும்போது பிள்ளைகளுக்கென்று வாங்கி வந்த, பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் விமானக் கிட் அது. பாதி ஒட்டியோ, ஒட்டாமலோ பரணில் ஏறி, வீட்டைப் பிரித்து விற்கும்போது கடைக்கு வந்து சேர்ந்திருக்கும். எனக்கு அப்படிக் கிடைத்தது ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் போர்விமானம், 1/72 அளவு, அதாவது நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. "விசிறி இல்லீங்க, அதனால பாதி விலைக்கு எடுத்துக்கங்க" என்றார் கடைக்காரர். விசிறி இல்லாமல் பறப்பது ஜெட்தானே என்று வீடு வரும் வழியில் தோன்றியது. அன்றிலிருந்து இதே வேலையை நான்கு கிட்களில் செய்துவிட்டேன். முதல் முறை செய்பவருக்கு என்னென்ன தெரிய வேண்டுமோ அதை எழுதுகிறேன்.

முதலில், எந்தக் கிட்டை அறுக்கலாம் என்பது. எல்லாப் பாகங்களும் அவை வார்த்து வந்த பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியபடியே இருந்து, பெட்டியும் விளக்கத்தாளும் கசங்காமல் இருந்தால் அதைத் தொடாதீர்கள். சேகரிப்பவர்கள் அப்படிப்பட்டதைத் தேடி அலைகிறார்கள், அவர்களிடம் போகட்டும். நமக்கு வேண்டியது விசிறியோ (புரொப்பெல்லர்), எஞ்சின் புகைக்குழாய்களோ, ரேடியேட்டரோ தொலைந்த கிட். தொலைந்தவை எல்லாம் ஜெட்டுக்குத் தேவையே இல்லாதவை. இறக்கை, உடல், வால், விமானி அறைக் கண்ணாடி மூடி இவை இருந்தால் போதும். கண்ணாடி மூடி மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும், அதை வீட்டில் செய்வது புதியவர்களுக்குச் சிரமம்.

கத்தியை எடுக்குமுன் காற்றுக்கு வழி

ஜெட் எஞ்சின் முன்னால் காற்றை இழுத்து, அமுக்கி, எரிபொருளோடு எரித்து, பின்னால் வேகமாகத் தள்ளுகிறது. ஆகவே உங்கள் கற்பனை விமானத்தில் காற்று எங்கே நுழைகிறது, சூடான புகை எங்கே வெளியேறுகிறது, இடையில் எஞ்சின் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற மூன்றுக்கும் தாளில் பதில் இருக்க வேண்டும். இதை முடிவு செய்யாமல் மூக்கில் ஓட்டை போட்டால், பார்ப்பவர் கண்ணுக்கு அது ஏதோ உடைந்த பொம்மை போலத்தான் தெரியும். நான் முதலில் செய்த விமானத்தில் புகை போகும் குழாயை விமானியின் முதுகுக்கு நேராக வைத்துவிட்டேன். ஒட்டிக் காய்ந்த பிறகுதான் அந்தக் குழாய் அவருடைய இருக்கைக்குள்ளேயே ஓட வேண்டியிருக்கிறது என்று உறைத்தது.

நிஜத்தில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் வழி தெளிவாகும். 1939 ஆகஸ்ட் 27 அன்று ஜெர்மனியில் ஹெயின்கல் ஹெச்இ 178 பறந்தது. ஜெட் எஞ்சினால் மட்டுமே பறந்த முதல் விமானம் அதுதான். காற்று மூக்கில் நுழைந்து வாலில் வெளியேறியது. 1941 மே 15 அன்று பறந்த பிரிட்டனின் கிளாஸ்டர் இ.28/39-லும் அதே ஏற்பாடுதான். இரண்டுமே ஜெட்டுக்கென்றே புதிதாக வரைந்த விமானங்கள். நம் வேலைக்கு ஆசான் சோவியத் நாட்டின் யாக்-15. பிஸ்டன் எஞ்சின் கொண்ட யாக்-3 போர்விமானத்தையே எடுத்து, எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஜெர்மானிய யூமோ 004-ஐப் பார்த்துச் செய்த ஜெட் எஞ்சினை மூக்குக்கு அடியில் தொங்கவிட்டார்கள். 1946 ஏப்ரல் 24 அன்று அது பறந்தது. நாம் மேசையில் செய்யப்போகிற அதே காரியத்தை அவர்கள் தொழிற்சாலையில் செய்திருக்கிறார்கள்.

யூமோவைத்தான் நானும் பரிந்துரைக்கிறேன், காரணம் அளவு. 1/72-ல் நிஜத்தின் ஒரு மீட்டர் நம் மேசையில் ஏறக்குறைய 13.9 மில்லிமீட்டர். ஸ்பிட்ஃபயரின் இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர், மாதிரியில் 156 மி.மீ. யூமோ 004 நீளம் 3.86 மீட்டர், விட்டம் சுமார் 81 சென்டிமீட்டர். மாதிரியில் 54 மி.மீ. நீளம், 11 மி.மீ. விட்டமுள்ள குழாய். பிரிட்டனின் ரோல்ஸ்-ராய்ஸ் நீன் எஞ்சினோ 1.26 மீட்டர் விட்டம், அதாவது மாதிரியில் 17.5 மி.மீ. ஸ்பிட்ஃபயரின் ஒல்லி உடம்பில் அது அடங்காது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. நீன் காற்றைச் சுழற்றி ஓரத்துக்கு வீசி அமுக்குகிறது, அதனால் அகலம் கூடும். யூமோ வரிசையாக அடுக்கிய விசிறித் தட்டுகளால் நேராகப் பின்னால் தள்ளி அமுக்குகிறது, அதனால் நீளமாகவும் ஒல்லியாகவும் இருக்கும்.

அப்புறம் கதை. கற்பனை விமானத்துக்குப் பின்னால் ஒரு கதை இருந்தால், எந்த நிறம், எந்தச் சின்னம் என்று ஒவ்வோர் இடத்திலும் திண்டாட வேண்டாம். என் கதை இது: 1948-ல் இந்திய விமானப்படைக்கு வாம்பயர் ஜெட்கள் வந்தன. பிஸ்டன் விமானத்திலேயே பழகிய விமானிகள் அதில் ஏறுமுன் கை பழக ஒரு மலிவான ஜெட் தேவைப்படுகிறது. பெங்களூரில் இருந்த ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் பழைய ஸ்பிட்ஃபயர்களை எடுத்து மாற்றித் தருகிறது. முழுக்கக் கற்பனைதான். ஆனால் அதே காலத்தில் அதே நிறுவனம், போர் முடிந்து கான்பூரில் கழித்துப் போட்டிருந்த அமெரிக்க லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை மீட்டுப் பறக்கவைத்தது நிஜம். குப்பையிலிருந்து நான்கு எஞ்சின் விமானத்தை எழுப்பியவர்கள் இதையும் செய்திருக்க முடியும் என்று நம்ப எனக்குச் சிரமமே இல்லை. விமானத்துக்கு வல்லூறு என்று பெயரிட்டு, செட்டிநாட்டில் போர்க்காலத்தில் போட்ட ஓடுதளத்தில் அதை இறக்கியும்விட்டேன். உங்கள் கதை உங்கள் விருப்பம்.

சாமான்கள்

பெரும்பாலானவை ஊரிலேயே கிடைக்கும். நகைப் பத்தர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் மயிரிழை போன்ற ரம்பத் தகடும் ஊசி அரங்களும் வாங்குங்கள். பொம்மைக் கடைக் கருவிகளைவிட இவை நன்றாக உழைக்கின்றன. வாகனங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறைக்குச் சாமான் போடும் கடையில் 400, 800, 1200 எண் வாட்டர் பேப்பர், கீறலும் இடைவெளியும் அடைக்கும் பட்டி ஒரு டியூப், பிரைமர் ஸ்ப்ரே. ஹார்டுவேர் கடையில், இரண்டு பகுதியாக வரும் எம்-சீல். ஃபெவிக்விக், ஃபெவிகால், மாஸ்கிங் டேப் எங்கும் உண்டு. பிளாஸ்டிக் கிட் ஒட்டும் சிமெண்ட் மட்டும் இணையத்தில் வாங்க வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை ஊற்றாதீர்கள், பாகம் குழைந்துபோகும்.

சிமெண்ட் உண்மையில் பசை இல்லை. அது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக உருக்கிச் சேர்க்கிறது. பிற பிளாஸ்டிக் பலவற்றில் அது வேலை செய்யாது. எஞ்சின் குழாய்க்கு ஊசி மருந்துச் சிரிஞ்சைப் பலர் நினைப்பார்கள், அளவும் பொருந்தும். ஆனால் சிரிஞ்ச் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன், சிமெண்டும் பிடிக்காது, பெயிண்டும் உரிந்து வரும். பழைய பேனாக் கூடு, மூடி என்று கிடைத்ததில் எல்லாம் ஒரு சொட்டு சிமெண்ட் வைத்துப் பாருங்கள். மேற்பரப்பு இளகி ஒட்டினால் அதுதான் நமக்குரியது. கப், டப்பா என்றால் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள்: 6 என்றால் பாலிஸ்டைரீன், 5 என்றால் பாலிபுரொப்பிலீன். 6 எண் கப்பின் சுவரை வெட்டி, 10 மி.மீ. பென்சிலிலோ குச்சியிலோ சுற்றி, நூலால் கட்டி, மடிப்பில் சிமெண்ட் தடவி ஒரு நாள் வைத்தால் 11 மி.மீ. குழாய் தயார்.

பழைய பிளாஸ்டிக்கின் குணம்

எல்லாப் பாகங்களையும் சட்டத்தோடு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். அச்சிலிருந்து கழற்ற பூசிய எண்ணெய்ப் பசையும் பரண் தூசியும் போனால்தான் பெயிண்ட் பிடிக்கும். இறக்கை வளைந்திருந்தால், கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றே கூடின வெந்நீரில் முக்கி மெதுவாக நிமிர்த்தி, குளிர்ந்த நீரில் விடுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம். பாகத்தைச் சட்டத்திலிருந்து முறுக்கி ஒடிக்காமல் அறுத்தே எடுங்கள், பழைய பிளாஸ்டிக் நொறுங்கும்.

அச்சு தேய்ந்த கிட்களில் ஓரமெல்லாம் மெல்லிய ஜவ்வு போல உபரிப் பிளாஸ்டிக் நீட்டிக்கொண்டிருக்கும். கத்தியால் சுரண்டி எடுக்கலாம். ஒட்டும் விளிம்பு மேடுபள்ளமாக இருந்தால் ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் 400 எண் வாட்டர் பேப்பரை நனைத்துப் போட்டு, பாகத்தைக் குப்புற வைத்து வட்டமாகத் தேயுங்கள். ஆத்தங்குடிக் கல் வார்ப்பவர்கள் அடியில் கண்ணாடியை வைப்பதும் சமதளத்துக்காகத்தான். நனைத்துத் தேய்த்தால் தூசி மூக்கில் ஏறாது.

பழைய கிட்டில் தகடுகளின் இணைப்புக்கோடுகள் மேடாக நிற்கும். நான் அவற்றை முழுக்கத் தேய்த்து வழவழப்பாக்கிவிடுவேன். வேக விமானத்துக்கு வழவழப்பே அழகு என்பது என் எண்ணம்.

மூக்கை அறுப்பது

முதலில் விமானி அறைக்குள் இருக்கை, விமானி பொம்மை எல்லாவற்றையும் பெயிண்ட் அடித்து ஒட்டி, உடலின் இரு பாதிகளையும் சேர்த்து, இறக்கையையும் ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். இறக்கை ஒட்டும்முன் அறுத்தால் உடல் தளர்ந்து கோணிக்கொள்ளும்.

இனி பென்சிலால் கோடு. புரொப்பெல்லர் பொருந்தும் முன்விளிம்பிலிருந்து இறக்கையின் முன்விளிம்பு வரை, மூக்கின் உயரத்தில் பாதிக்குக் கீழே ஒரு நேர்க்கோடு, இரு பக்கமும். அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ளதுதான் போகப்போகிறது. மேல்பாதி அப்படியே இருக்கட்டும், ஸ்பிட்ஃபயரின் முகச்சாயல் அதில்தான் இருக்கிறது. ரம்பத்தை அவசரமில்லாமல் இழுங்கள். வேகமாக இழுத்தால் சூட்டில் பிளாஸ்டிக் உருகி ரம்பத்தைக் கவ்வும். கத்தி எப்போதும் உங்களுக்கு எதிர்ப்பக்கம் போகட்டும்.

இப்போது இறக்கையின் அடிப்பக்கம். 54 மி.மீ. குழாய் இறக்கைக்கு அடியிலும் நீளும் என்பதால், நடுவில் குழாயின் பாதி விட்டம் அமரும் அளவுக்குப் பள்ளம் எடுக்க வேண்டும். முழு ஆழமும் அறுத்துவிடாதீர்கள், இறக்கைகள் மேல்நோக்கி நிற்கும் கோணம் போய்விடும். யாக்-15-லும் இதே சிக்கல் வந்தது. இறக்கையைத் தாங்கும் முன் உத்தரத்தைத் தலைகீழ் 'ப' போல வளைத்து எஞ்சினுக்குமேல் கொண்டுபோனார்கள். வட்ட அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, குழாயை வைத்து வைத்துப் பாருங்கள். குழாய் முன்னிருந்து பின்னுக்கு மிகச் சற்றே தாழ்ந்து, உடலின் நடுக்கோட்டில் நேராக இருக்க வேண்டும். முன்னாலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் கோணல் உடனே தெரியும்.

ஒட்டுமுன் குழாயின் உள்ளே வேலை. முன்வாயிலிருந்து 8 மி.மீ. உள்ளே ஒரு வட்டத் தட்டை வைத்து, அதில் ஆரக்கால் போல் கோடுகள் கீறுங்கள், எஞ்சினில் காற்றை அமுக்கும் பகுதியின் முதல் விசிறித் தட்டு அதுதான். நடுவே ஒரு சிறு மணியை ஒட்டுங்கள். யூமோவில் அந்த இடத்தில் எஞ்சினைச் சுழற்றிவிட ஒரு குட்டி இரண்டு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் இருந்தது. நம்மூர் பழைய டி.வி.எஸ். 50-ல் இருந்தது போல அதுவும் இரண்டு ஸ்ட்ரோக்தான். பின்வாயில் சற்று நீண்ட இன்னொரு மணி. புகை வாயின் அகலத்தைக் கூட்டிக் குறைக்க முன்பின் நகரும் கூம்பு அது, உருவத்தைப் பார்த்து ஜெர்மானியர்கள் அதை வெங்காயம் என்றே அழைத்தார்கள். உட்புறம் முழுக்கக் கறுப்பு அடித்தபின் குழாயை ஒட்டுங்கள், பிறகு தூரிகை நுழையாது.

இல்லாமல் போக வேண்டியவை

பலரும் தவறவிடும் இடம் இது. எஞ்சின் மாறினால் அதைச் சார்ந்த உறுப்புகளும் மாறும். ஜெட்டுக்குத் தண்ணீர்க் குளிர்விப்பு இல்லை, ஆகவே இறக்கைக்கு அடியில் வரும் ரேடியேட்டர் பெட்டிகளை ஒட்ட வேண்டாம், அவற்றுக்கான பள்ளத்தை மூடுங்கள். மூக்கின் இருபுறமும் வரிசையாக நிற்கும் புகைக்குழாய்கள் வேண்டாம், துளைகளை அடையுங்கள். அடியில் உள்ள கார்புரேட்டர் காற்றுவாயும் வேண்டாம்.

சேர்க்க வேண்டியதும் உண்டு. சூடான புகை வயிற்றை உரசிக்கொண்டு போகும், அதனால் யாக்-15-ன் பின்வயிற்றில் வெப்பம் தாங்கும் எஃகுத் தகடு பதித்தார்கள். குழாய் முடியும் இடத்திலிருந்து வால் சக்கரத்துக்குச் சற்று முன்வரை மெல்லிய பிளாஸ்டிக் தாளை நாக்கு வடிவில் வெட்டி ஒட்டுங்கள். வால் சக்கரத்துக்கும் அவர்கள் ரப்பர் டயரை விட்டுவிட்டு முழு எஃகுச் சக்கரம் போட்டார்கள். நீங்கள் டயருக்கும் சேர்த்து உலோக நிறம் அடித்தால் போதும், விவரம் தெரிந்தவர் அதைப் பார்த்ததுமே புரிந்துகொள்வார். வால் தரையில் கிடக்கும் நிலையில் புகை நேரே ஓடுதளத்தில் மோதும் என்பதும் ஒரு காரணமாகத்தான் ஜெட்களுக்கு மூக்குச் சக்கரம் வந்தது. ஆனாலும் 1946-ல் பறந்த பிரிட்டனின் அட்டாக்கர் ஜெட்டுக்கு வால் சக்கரமே இருந்தது. எனவே மாற்ற வேண்டியதில்லை.

பட்டி பார்ப்பது

குழாய்க்கும் மூக்கின் மேல்பாதிக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கும். அதை எம்-சீலால் நிரப்புங்கள். அதன் இரண்டு பகுதியையும் சேர்த்துப் பிசைந்து, திணித்து, ஈர விரலால் வழித்துவிட்டால், குழாய் மூக்குக்குள் கரைந்து போவதுபோல வளைவு வரும். இறுகியபின் அரத்தால் வடிவம் எடுங்கள். வடிவத்தைக் கண்ணைவிட விரல் நன்றாக உணரும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் வருடிப் பாருங்கள்.

ஊசித் துளைகளுக்கும் சிறு கீறல்களுக்கும் சட்டக் குச்சிகளை நறுக்கி, பழைய சிமெண்ட் பாட்டிலில் போட்டு ஓர் இரவு ஊறவைத்தால் கிடைக்கும் குழம்பு நல்லது. அதே பிளாஸ்டிக் என்பதால் தேய்க்கும்போது ஒரே கடினத்தில் தேயும். கடைசி நிரவலுக்குத்தான் டியூப் பட்டி. இதில் ஒரு கிட்டை நான் இழந்திருக்கிறேன். பொறுமையில்லாமல் ஒரே அப்பாக அப்பினேன். பட்டியில் இருக்கும் தின்னர் வெளியேற வழியில்லாமல் உள்ளே இறங்கி, இறக்கையின் அடிப் பிளாஸ்டிக்கையே இளக்கிக் குழியாக்கிவிட்டது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு பளிங்குபோல் இருக்கிறதென்றால், மெல்லிய பூச்சாகப் பல முறை பூசி, ஒவ்வொன்றையும் நேரம் கொடுத்து இழைத்ததால்தான். அந்த முறையே இங்கும். தாள் கனத்துக்குப் பூசி, ஒரு நாள் விட்டு, 800-ல் தேய்த்து, மறுபடி பூசுங்கள். பிரைமர் அடித்ததும் நீங்கள் பார்க்காத கீறல் எல்லாம் வெளியே வரும். மனம் தளராமல் மறுபடி பட்டி, மறுபடி பிரைமர். எனக்கு மூன்று சுற்றுக்குக் குறைந்து முடிந்ததே இல்லை.

நிறமும் சின்னமும்

கண்ணாடி மூடியை ஃபெவிகாலால் ஒட்டுங்கள். ஃபெவிக்விக் ஆவி கண்ணாடியைப் பனி படர்ந்ததுபோல் வெளுப்பாக்கிவிடும். பிறகு மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள்.

ஸ்ப்ரே அடிக்க நம்மூரில் காலை ஆறிலிருந்து எட்டு மணி நல்ல நேரம். சித்திரை வெயிலில் நடுப்பகலில் அடித்தால் பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து மணல் மணலாக விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடித்தால் ஈரம் ஏறி வெள்ளை பூக்கும். முற்றத்தில், காற்று அடங்கிய நேரத்தில், முகக்கவசம் போட்டு அடியுங்கள். என் வல்லூறுக்கு உடல் முழுக்க அலுமினிய வெள்ளி. வயிற்றுத் தகட்டுக்கு வெள்ளியில் துளி பழுப்பும் துளி கறுப்பும் கலந்தேன், சூடு பட்ட எஃகுக்கு அந்த நிறம்தான் வரும்.

பெட்டியில் உள்ள பழைய ஒட்டுச்சின்னங்கள் மஞ்சளித்திருந்தால், தாளை ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி சில நாள் ஒட்டிவைத்தால் வெளுக்கும். தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாகும் வயதாகியிருந்தால், முதலில் அதன்மேல் தெளிவான வார்னிஷ் ஒரு பூச்சு அடித்து, காய்ந்தபின் ஒவ்வொன்றையும் ஓரமாக வெட்டி நனையுங்கள். முதலில் தேவையில்லாத ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியச் சின்னம் பெட்டியில் இருக்காது. விடுதலைக்குப் பிறகு சில ஆண்டுகள் நம் விமானங்களில் அசோகச் சக்கரம் பொறித்த வட்டம் இருந்தது. 6 மி.மீ. வட்டத்துக்குள் ஆரக்கால் வரைய எனக்குக் கை வராது. அதனால் கதையை அதற்குப் பிந்திய ஆண்டுகளுக்குத் தள்ளி, இன்றைக்கும் இருக்கும் மூவண்ண வட்டத்தை எடுத்துக்கொண்டேன்: வெளியே காவி, இடையே வெள்ளை, மையத்தில் பச்சை. அலுவலகங்களில் தாளில் துளை போடும் பஞ்ச் ஏறக்குறைய 6 மி.மீ. வட்டம் தரும். காவி நிறம் அடித்த மெல்லிய ஸ்டிக்கர் தாளில் அதனால் வட்டம் எடுங்கள். நுனியை நேராக வெட்டிய 4 மி.மீ. குச்சியை வெள்ளையில் தொட்டு நடுவில் ஒரு முத்திரை. காய்ந்ததும் 2 மி.மீ. குச்சியால் பச்சை. முதலில் பத்துப் பதினைந்து செய்து, நன்றாக வந்தவற்றை மட்டும் பயன்படுத்துங்கள்.

கடைசியாக ரேடியோ கம்பி. சட்டக் குச்சித் துண்டை மெழுகுவத்திச் சுடருக்குமேல் தூரமாகப் பிடித்துச் சுழற்றி, இளகியதும் வெளியே எடுத்து இரு கையாலும் இழுத்தால் முடி போன்ற இழை கிடைக்கும். ஃபெவிகால் புள்ளி வைத்து முதுகிலிருந்து வால் நுனிக்கு ஒட்டுங்கள். விமானத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள், நேர் வெயில் படாத பட்டாலை மூலையில் வையுங்கள். பார்க்க வருபவர் கையில் எடுத்துக் கொடுக்கும்போது மட்டும் வயிற்றைத் திருப்பிக் காட்டுங்கள், வேலை அத்தனையும் அங்கேதான் இருக்கிறது.